இரைப்பையைச் சிறிதாக்கிய பின்னும் பசிக்குமா?

உயர்தர உயிரியலில் சமிபாட்டுத் தொகுதியை நான் நன்றாகவே படித்திருந்தேன். தவணைப் பரீட்சையில் அந்த வினாவுக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது. அந்தத் துணிவில் என் சாச்சியிடம் ஒரு வசனம் சொன்னேன். அது பிழையான வசனம். ஓர் இரவு அவருடைய உயிருக்கே ஆபத்தாகியிருக்கக்கூடிய வசனம். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

எழுதுவதற்குச் சாச்சியிடம் அனுமதி கேட்டேன். "என்ட பேர மட்டும் போடாத மகள். மத்ததெல்லாம் எழுது. ஆருக்காவது உதவும்" என்றார்.

சாச்சிக்கு 38 வயது. மூன்று பிள்ளைகளின் தாய். வீட்டிலிருந்தே தையல் செய்பவர். உயரம் 157 சென்ரிமீற்றர், நிறை 118 கிலோகிராம். நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி என்று நாம் படித்திருக்கிறோம். சாச்சிக்கு அது கிட்டத்தட்ட 48. எங்களைப் போன்ற ஆசிய நாட்டவர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். இரவில் குறட்டை விடும்போது மூச்சு நின்று நின்று வரும். முழங்கால் வலியால் கதிரையில் இருந்துதான் தொழுவார். எங்கள் மூத்தவாப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் ஒரு காலை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் படுக்கையிலிருந்த இரண்டு வருடத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சாச்சிதான். தனக்கும் அந்த வழிதான் என்ற பயம் அவருக்குள் எப்போதும் இருந்தது.

அவர் முயற்சி செய்யாமலும் இல்லை. எத்தனையோ தடவை பத்தியம் இருந்திருக்கிறார். ஐந்து கிலோ, ஆறு கிலோ இறங்கும். பிறகு இறங்கியதற்கு மேலாகவே ஏறும். "வாயக் கட்ட ஏலாத ஆள்" என்று ஊரில் சொல்வார்கள். நானும் மனதுக்குள் அப்படி நினைத்ததுண்டு. உணவைக் குறைத்து மெலிந்தவர்களின் குருதியில் பசியைத் தூண்டும் ஓமோன் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது என்று 2002இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, நாம் மெலிய மெலிய உடம்பு நம்மை இன்னும் பலமாகச் சாப்பாட்டின் பக்கம் தள்ளுகிறது. இதை நான் படித்தது பிந்தித்தான்.

அந்த ஓமோனின் பெயர் கிரெலின். 1999இல் யப்பானிய விஞ்ஞானிகளான கொஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து அதைக் கண்டெடுத்தார்கள். அதுவரை இரைப்பை என்றால் உணவை அரைக்கும் பை என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது மூளைக்குச் செய்தி அனுப்பும் ஓர் உறுப்பும் கூட. கிரெலினில் பெரும்பகுதி இரைப்பையின் மேற்புறத்தில் குவிந்திருக்கும் வளைந்த பகுதியில் சுரக்கிறது.

சாச்சிக்குச் செய்த சத்திரசிகிச்சையில் வெட்டி எடுப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான். இரைப்பையின் வெளிவளைவு ஓரமாக முக்கால்வாசிக்கும் மேலே நீக்கிவிட்டு, ஒரு வாழைப்பழத்தின் வடிவில் ஒடுங்கிய குழாயை மட்டும் விடுவார்கள். அதற்குள் 100 முதல் 150 மில்லிலீற்றர் வரைதான் கொள்ளும். ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு. (கொழுப்பை உறிஞ்சி எடுப்பதுதான் இந்தச் சத்திரசிகிச்சை என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது வேறு. இதில் கொழுப்பைத் தொடுவதே இல்லை.) குடலின் வழியை மாற்றித் தைக்கும் இன்னொரு முறையும் உண்டு. 1966இல் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் என்ற வைத்தியர் தொடக்கிவைத்தது அது. சாச்சிக்குச் செய்தது முதலாவது வகை.

டிசம்பர் விடுமுறையில் கொழும்பில் செய்தார்கள். உம்மாவும் நானும் கூடப் போனோம். மூன்று வாரம் உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். மருந்து நேரங்களை எழுதுவதும், குடிக்கிற அளவைக் குறிப்பதும் என் பொறுப்பு. உயிரியல் படிக்கிற பிள்ளை என்று உம்மா பெருமையாகக் கொடுத்த பொறுப்பு.

முதல் நாலைந்து நாட்கள் சாச்சிக்குப் பசியே தெரியவில்லை. வலியும் குமட்டலும்தான். 30 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னக் கோப்பையில் தண்ணீர், தெளிந்த சூப், பருப்புத் தண்ணி. ஒரு மிடறு, பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு மிடறு. எட்டாம் நாள் காலையில் மெதுவாகச் சொன்னார்: "மகள், எனக்குப் பசிக்கிற மாதிரி இருக்குது."

நான் சிரித்துவிட்டேன். "பசிக்க ஏலாது சாச்சி. பசி ஓமோன் சுரக்கிற இடத்தையே வெட்டி எடுத்துட்டாங்க. இது பொய்ப் பசி. பொறுத்தாப் போயிடும்" என்றேன்.

சாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளும் பசி என்ற சொல்லையே அவர் வாயில் எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுத் தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் நினைத்தது வேறு. ஒன்று, தனக்குச் செய்த சத்திரசிகிச்சை சரிவரவில்லை. அல்லது, இரைப்பையை வெட்டியும் அடங்காத பேராசை தன்னிடம் இருக்கிறது. இரண்டில் எது என்று யாரிடம் கேட்பது? ஏழு லட்சமும் எட்டு லட்சமும் சேர்த்துக் கட்டிய சாச்சாவிடமா?

பதினோராம் நாள் இரவு ஒரு மணியிருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். குசினிக்குப் பக்கத்தில் கதிரையொன்றில் சாச்சி இருட்டுக்குள் இருந்தார். லைட்டைப் போட்டேன். நெற்றியும் கழுத்தும் வியர்வையில் நனைந்திருந்தன. கைகள் நடுங்கின.

"என்ன சாச்சி?"

"ஒண்டுமில்ல மகள். பசி. பொய்ப் பசிதானே. பொறுத்தாப் போயிடும்."

என் வசனம் அப்படியே என்னிடம் திரும்பி வந்தது. உம்மாவை எழுப்பினேன். விரலில் குத்திச் சீனியைப் பார்த்தோம். 58. குருதியில் குளுக்கோசு 70க்குக் கீழே இறங்கினால் அதுவே அபாய அறிகுறி. மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, மிடறு மிடறாகக் குடிக்கக் கொடுத்தோம். கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது 84. நடுக்கம் நின்றிருந்தது. காரணத்தைத் தேடினால், வைத்தியசாலையிலிருந்து வரும்போது தந்த தாளில் நிறுத்தச் சொல்லியிருந்த ஒரு பழைய சீனிக் குளிசையைச் சாச்சி வழக்கப்படி போட்டிருக்கிறார். மருந்து அட்டவணை எழுதியவள் நான். அந்த வரியை நான் கவனிக்கவில்லை.

இரைப்பை சிறிதாகி, உண்ணும் அளவு திடீரெனக் குறையும்போது சீனி வருத்தத்துக்கான மருந்தின் தேவையும் விரைவாகக் குறையும். பழைய அளவையே போட்டால் குளுக்கோசு தாழ்ந்துபோகும். அப்போது வருவதும் பசிதான். ஆனால் அது பொறுக்கக்கூடாத பசி. அந்த இரவில் சாச்சியிடம் மனவுறுதி குறைவாக இருக்கவில்லை. தேவைக்கு மேலேயே இருந்தது. எதைப் பொறுக்க வேண்டும், எதைப் பொறுக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஆள்தான் இருக்கவில்லை.

மறுநாள் காலை கிளினிக். குளிசையைப் பற்றி வைத்தியர் பார்த்துக்கொண்டார். பிறகு போசணை ஆலோசகர் சாச்சியை இருத்திப் பசியைப் பற்றிக் கேட்டார். சாச்சி முதலில் "பசியில்ல" என்றார். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்தப் பெண் ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த இடத்தில் பசிக்கிறது? எரிகிற மாதிரியா, சுரண்டுகிற மாதிரியா? எத்தனை மணிக்கு? தண்ணீர் குடித்தால் போகிறதா? யாராவது சமைக்கும்போது வருகிறதா? கை நடுங்குகிறதா? சாச்சி பதில் சொல்லச் சொல்ல, பசி என்ற ஒரே பெயரில் நாலைந்து விடயங்கள் வருகின்றன என்று பக்கத்தில் இருந்த எனக்கே விளங்கியது.

அன்று பின்னேரம் ஒரு கொப்பியில் கோடு போட்டோம். நேரம், எங்கே, எப்படி, என்ன செய்தோம், பிறகு எப்படி. வகைகளுக்குச் சாச்சியே பெயர் வைத்தார். விஞ்ஞானப் பெயர்களைவிட அவை எனக்குப் பிடித்திருந்தன.

முதலாவது "புளிப்புப் பசி". நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்து சுரண்டும். இரைப்பை சிறிதானாலும் அமிலம் சுரப்பது நிற்பதில்லை. ஒடுங்கிய குழாய்க்குள் அமுக்கம் கூடுவதால் சிலருக்கு அமிலம் மேலேயும் வரும். அந்த எரிச்சல் அச்சாகப் பசியைப் போலவே இருக்கும். இதற்காகத்தான் ஒமிப்பிரசோல் போன்ற குளிசையை மாதக்கணக்கில் தருகிறார்கள். சாச்சி ஒரு வாரத்தோடு அதை விட்டிருந்தார். வலி போய்விட்டதாம், இனி எதற்கு என்று. மறுபடி தொடங்கி மூன்றாம் நாள் கொப்பியில் புளிப்புப் பசி பாதியாகக் குறைந்தது.

இரண்டாவது "தாகப் பசி". ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் குடிக்க வேண்டும். மடமடவென்று குடிக்க முடியாது என்பதால் பின்னேரமாகும்போது எப்போதும் குறைவாகவே இருக்கும். அந்தத் தாகம் சாச்சிக்குப் பசியைப் போலத் தோன்றியது. ஆறு சின்னக் கோப்பையை மேசையில் வரிசையாக வைத்து, அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு முடிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதைத்தான் நான் பொய்ப் பசி என்று சொல்லிப் பரிகசித்தேன். சாச்சி அதற்கு வைத்த பெயர் "மூக்குப் பசி". நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு முன்னால் ஒரு கொத்துரொட்டிக் கடை. இரவு ஏழு மணிக்குத் தகட்டில் கொத்தும் சத்தம் தொடங்கும். அந்தத் தாளத்தைக் கேட்டதும் சாச்சிக்கு வாய் ஊறும். பாவ்லோவின் நாயும் மணியும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது சமிபாட்டைப் பற்றிய ஆய்வுக்காக. உணவு வாய்க்குப் போகும் முன்பே, கண்டும் மணந்தும் உடம்பு உமிழ்நீரையும் இரைப்பைச் சாற்றையும் சுரந்து தயாராகிறது என்று அவர் காட்டினார். அப்படியென்றால் மூக்குப் பசி பொய்யல்ல. சுரப்பது உண்மையான சாறு. இருபது வருடமாக ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு ஏழு மணிக்கு ஆயத்தமாகிறது. வெட்டியது இரைப்பையை. பழக்கம் இருப்பது மூளையில்.

மூக்குப் பசியைப் பொறுக்கலாம். ஆனால் கதிரையில் இருந்துகொண்டு பொறுக்க முடியாது. கால் மணித்தியாலம் வேறிடத்தில் இருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும் என்று கொப்பியிலிருந்தே கண்டுபிடித்தோம். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பே நானும் சாச்சியும் பின்பக்க ஒழுங்கையால் நடக்கத் தொடங்கினோம். கைகளும் சும்மா இருக்கக்கூடாது என்பதால், கொழும்பிலும் ஊசி நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னுடைய பாடசாலைச் சீருடைக்குக் கையோரம் மடித்துத் தைத்தது அந்த நாட்களில்தான்.

நான்காவது, உண்மையான "வகுத்துப் பசி". நான் இருக்கவே முடியாது என்று சொன்ன பசி. 1912இல் கெனன் என்ற உடற்றொழிலியலாளரின் மாணவர் வாஷ்பேர்ண் ஒரு பலூனை விழுங்கி, அதை ஊதச் செய்து, தனக்குப் பசி எடுக்கும் நேரங்களில் இரைப்பை சுருங்குவதைப் பதிவுசெய்தார். பசி இரைப்பையில்தான் பிறக்கிறது என்று அப்போது எண்ணினார்கள். ஆனால் நோய் காரணமாக இரைப்பை முழுவதையும் அகற்றியவர்களுக்கும் பசி வந்தது. கிரெலின் கொஞ்சமாகச் சிறுகுடலிலும் சுரக்கிறது. அதைவிட, உடம்பின் கொழுப்பிலிருந்து லெப்ரின் என்ற ஓமோன் வருகிறது. 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புக் குறையும்போது லெப்ரினும் குறையும். பரிவகக்கீழ் அதைப் பார்த்து, வீட்டில் அரிசி முடிகிறது என்று அறிவிக்கும். இரைப்பையில் முக்காலை வெட்டினாலும் இந்த அறிவித்தலை யாரும் வெட்டவில்லை.

இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானோருக்குப் பசி குறைவது உண்மை. நிறைவாக இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஓமோன்களும் கூடுதலாகச் சுரக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில், முதல் வாரத்திலிருந்தே அப்படி நடப்பதில்லை. "பெரும்பாலானோர்" என்ற சொல்லை நான் "எல்லோரும்" என்று வாசித்துவிட்டேன். பரீட்சைத் தாளில் இப்படி வாசித்தால் போவது ஒரு புள்ளி மட்டும்தான்.

பசியையும் மனவுறுதியையும் பற்றிப் பேசுகிறவர்கள் மினசோட்டா ஆய்வைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் அதைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று அறிவதற்காக 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாகவே முன்வந்து பட்டினி இருந்தார்கள். ஆறு மாதம் அரை வயிற்று உணவு. நிறையில் நாலில் ஒரு பங்கு போனது. அவர்கள் உறுதியில்லாதவர்கள் அல்ல. மற்றவர்களின் பசி தீர வேண்டும் என்று வந்தவர்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். சாச்சிக்கு இதை வாசித்துக் காட்டினேன். கையடக்கத் தொலைபேசியில் தான் இரவிரவாகச் சமையல் வீடியோ பார்ப்பதை அன்றுதான் ஒத்துக்கொண்டார். அதை ஒரு பாவம் போல மறைத்து வைத்திருந்தார்.

வகுத்துப் பசிக்குப் பதில் உணவுதான், ஆனால் அந்த வாரத்துக்குரிய உணவு. முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழமையான உணவு. நாட்கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை கொஞ்சம் மாறும். அவசரப்படக்கூடாததற்குக் காரணம், இரைப்பையில் மேலிருந்து கீழ்வரை நீண்ட தையல் இருக்கிறது. அது ஆற வேண்டும். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமாவது தேவை என்பதால் எந்தக் கரண்டியிலும் முதலில் முட்டை, மீன், பருப்பு, தயிர். சோறு கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. அரை மணித்தியாலம் கழித்துத்தான். விற்றமின் குளிசைகள் வாழ்நாள் முழுவதும். குறிப்பாக பி12, ஏனென்றால் அதை உறிஞ்சத் துணைசெய்யும் காரணி சுரப்பதே இரைப்பைச் சுவரில்தான்.

காய்ச்சல், விடாத வாந்தி, நெஞ்சு படபடப்பு, தோள்வரை போகும் வலி, இவற்றில் எது வந்தாலும் கொப்பியும் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் வேறொரு சோதனை வந்தது. முதல் இரண்டு வாரத்தில் எட்டுக் கிலோ இறங்கிய தராசு, ஒன்பது நாட்களாக அசையவில்லை. நாள்தோறும் காலையில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "இரப்பைய வெட்டியும் பிரயோசனமில்ல" என்று சாச்சி கட்டிலில் போய்ப் படுத்தார். பசியை விட இதுதான் அவரை உடைத்தது. பலன் தெரிந்தால் பசியைத் தாங்கலாம். பலனும் தெரியாமல் எதற்காகப் பசித்திருப்பது?

இதற்கும் விடை எங்கள் பாடத்தில்தான் இருந்தது. உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் கிட்டத்தட்ட மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். உணவு குறைந்ததும் முதலில் செலவாவது அது. நீரும் கூடவே வெளியேறும். ஆகவே முதல் வாரங்களின் இறக்கத்தில் நல்ல பங்கு நீர். பிறகு உடம்பு நீரைக் கொஞ்சம் மீண்டும் பிடித்துக்கொள்ளும்போது, கொழுப்புக் கரைந்துகொண்டிருந்தாலும் தராசு நிற்கும். இது பலருக்கும் வருவது. தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் எடுப்பதென்று முடிவு செய்தோம். மற்ற நாட்களில் வேறு விடயங்களை அளந்தோம். வெறுவயிற்றுச் சீனி, விரலில் மோதிரம் சுழல்கிறதா, மேல்மாடிக்கு ஏறும்போது எத்தனை படியில் நிற்கிறார். பதினாறாம் படியில் மூச்சுவாங்கி நின்றவர், அந்த "அசையாத" ஒன்பது நாளுக்குள் நிற்காமல் ஏறினார். சாச்சியை எழுப்பி நடக்க வைத்தது அந்தப் பதினாறு படிதான். குடும்ப வட்சப் குழுவில் வந்து குவிந்த "மனமுண்டானால் மார்க்கமுண்டு" வகைச் செய்திகளுக்கு அவர் ஒரு வாரத்தோடு பதில் போடுவதையே நிறுத்திவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய பின் சுகம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெற்றோர்கள் கோபிக்க வேண்டாம். வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். "ஒரு கரண்டி திண்டா ஒண்டும் ஆகாது" என்றார்கள். அன்புதான், தெரியும். ஆனால் அந்த ஒரு கரண்டியை மறுக்கச் சாச்சிக்குச் செலவாகிய பலம் ஒரு நாள் பசியைத் தாங்கும் பலம். இன்னும் சிலர், "கஷ்டப்படாம மெலியிற சுருக்கு வழி" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது பன்னிரண்டு நாள் பருப்புத் தண்ணியில் இருந்து பார்த்தவரில்லை. வீட்டில் நாங்கள் செய்த மாற்றம் சிறியது. பொரியலை அவர் உறங்கும் நேரத்துக்கு மாற்றினோம். எல்லோரும் ஒரே சின்னப் பீங்கானில் சாப்பிட்டோம். சாச்சியின் கடைசி மகனுக்கு அந்தப் பீங்கான் விளையாட்டாக இருந்தது. சாச்சிக்கு, தன் பீங்கான் மட்டும் தனியாகத் தெரியவில்லை என்பதே பெரிய விடயம்.

நோன்பு வந்தபோது பத்து வாரம் ஆகியிருந்தது. இந்த வருடம் பிடிக்கக்கூடாது, பகல் முழுவதும் தண்ணீரில்லாமல் இருந்தால் ஒன்றரை லீற்றரை இரவில் குடித்து முடிக்க இயலாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று தெரிந்தும் சாச்சி அதற்கு அழுதார். முதல் நோன்பன்று பின்னேரம் நானும் பசித்த முகத்தோடு கஞ்சிக்கு இஞ்சி உரித்துக்கொண்டிருந்தேன். சாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன்ட பசிக்கு மஃரிப் பாங்கு இருக்குது மகள். அந்த டிசம்பர்ல எனக்கு எப்ப பாங்கு சொல்லும் எண்டே தெரியாம இருந்திச்சி." அந்த வசனத்தைக் கேட்ட பிறகுதான், எட்டாம் நாள் காலையில் நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று எனக்கு முழுதாக விளங்கியது. மன்னிப்புக் கேட்டேன். "கஞ்சி அடிப்பிடிக்கப் போகுது, கிண்டு" என்றார்.

பெருநாளுக்கு முதல் வெள்ளிக்கிழமை தராசை வெளியே எடுத்தோம். 96. சீனிக்கு ஒரே ஒரு குளிசைதான் மிச்சம். முடி கொட்டத் தொடங்கியிருந்தது. மூன்றாம், நான்காம் மாதத்தில் அப்படிக் கொட்டிப் பிறகு முளைக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்ததால் அவர் அதற்குப் பெரிதாகக் கவலைப்படவில்லை. அன்று அஸருக்குப் பாங்கு சொன்னதும் சாச்சியின் கதிரையைத் தொழுகை அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "வேணாம், வை" என்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, நிலத்தில் நெற்றியை வைத்தார். உம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

தொழுது முடித்து, சுவரைப் பிடித்து எழும்பி வந்தவர் கொப்பியைக் கேட்டார். அதில் தன் கையாலேயே நேரத்தை எழுதினார்.

"பசிக்குது மகள். பார்த்திட்டன். இது வகுத்துப் பசிதான்."

நான் முட்டை அவிக்கப் போனேன்.